மேல்மாடி நிச்சயதார்த்தம்

கிள்ளானில் என் நாவல் வெளியீடு. நம் ஊர் வழக்கம்தான் தெரியுமே, பிரமுகர் வந்து, பேசி, மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்தபிறகுதான் எழுத்தாளனின் ஏற்புரை. அதற்குள் பின்னால் சாப்பாட்டு மேசையில் பிரட்டிய மீகூன் சேமியாவின் வாசம் கிளம்பிவிட்டது. நான் மைக்கைப் பிடித்தபோது நாற்காலிகள் காலி. பட்டுப்புடவை கட்டிய ஓர் அக்கா மட்டும், மடியில் பரிசுப் பெட்டியோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, எழுதி வைத்திருந்ததை எல்லாம் அவருக்காகவே பேசித் தீர்த்தேன்.

இறங்கிப் போய் நன்றி சொன்னேன். "என் நாவல் எது படிச்சிருக்கீங்கக்கா?"

"நான் கதையெல்லாம் படிக்கிறதில்ல தம்பி. மேல்மாடியில என் அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். இங்க மாலை, பொன்னாடையப் பார்த்து ஹால் மாறி உட்கார்ந்துட்டேன்."

"தெரிஞ்சதும் போயிருக்கலாமே?"

"எல்லாரும் சாப்பிடப் போய்ட்டாங்க. நானும் எழுந்துட்டா நீங்க யார்கிட்ட பேசுவீங்க? பாவம் லா."

மேலே கைதட்டல் கேட்டது. மோதிரம் மாற்றிவிட்டார்கள்.

இப்போது அடுத்த நாவல் எழுதுகிறேன். நான் வளவளவென்று இழுக்கும் இடங்களில் அந்த அக்கா பரிசுப் பெட்டியோடு எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, அவரை மேல்மாடிக்கு அனுப்பி வைக்கிறேன்.