பெல்ட்டுக்கு எதிரே எழுதிய விதிகள்

உத்திரமேரூரில் இருந்த எங்கள் அரிசி மில்லைக் கம்பெனியாக்குவது என்று மாமனார் முடிவு செய்தபோது, விதிகளை எழுதும் வேலை எனக்கு வந்தது. வீட்டில் பள்ளி இறுதி வரை படித்தவள் நான் ஒருத்திதான். நல்ல காரியம் எழுதும்போது மிஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் விடாமல் பிடித்திருந்த வழக்கம். அதனால் பூசை போட்டு, மில்லுக்குள்ளேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அப்போதுதான் நடை பழகியிருந்த என் மகளை மடியில் இருத்தியிருந்தேன்.

"பத்து வருசத்துல மெட்ராசுல கடைக்குக் கடை நம்ம அரிசி நிக்கணும். எழுதும்மா," என்றார் மாமனார்.

"மொதல்ல ஒரு லாரி வாங்கணும் நைனா," என்றார் என் கணவர்.

இரண்டையும் எழுதினேன். எதிரே மோட்டார் பெல்ட் தடுப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கம்பி வலை போடுவதையும் ஒரு விதியாகச் சொல்லலாமா? மெட்ராசைப் பற்றிப் பேசும்போது கம்பி வலையைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்களோ? பேசாமல் இருந்துவிட்டேன்.

பூசைத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் பெல்ட் பக்கமாக உருண்டு போனது. மடியில் பிள்ளை இல்லை என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"ஐயோ, கொயந்த!"

நெல் அவிக்கும் பெண் ஓடிவந்து, பெல்ட்டுக்கு ஒரு சாண் முன்னால் என் மகளை வாரி எடுத்தாள்.

"இன்னா சின்னம்மா, கொயந்தய வுட்டுட்டு அப்டி இன்னா எயுத்து?"

மாமனாரின் முகம் வெளுத்திருந்தது. "எழுது. நம்ம வூட்டுப் பசங்கள மில்லுக்குள்ள இட்டாரக் கூடாது."

"அப்போ எங்க பசங்க?" என்றாள் அவள். "தெனமும் இங்கதான கீதுங்க?"

குனிந்து எழுதினேன்.

"படி," என்றார் மாமனார்.

"பெல்ட்டுக்குக் கம்பி வலை போடும் வரை மிஷின் ஓடக் கூடாது."

"நான் சொன்னது இதுவா?"

"இல்ல மாமா."

அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதலாமா என்று நினைப்பதற்குள், அவர் எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பெல்ட் மெல்லத் தளர்ந்து நின்றது.

மகள் அந்தப் பெண்ணின் தோளில் எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்தபடி வீறிட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை அந்த அழுகை எனக்குக் கேட்கவே இல்லை.