விம்கோ நகர் கிடங்கின் ஏழாவது போர்ட்

விம்கோ நகரில் ஒரு சோப்புக் கிடங்கு. அங்கே பழைய நெட்வொர்க் ஸ்விட்சை எடுத்துவிட்டுப் புதியது வைத்தவன் நான்தான். ஒரு கணினியில் மட்டும் வீடியோ நின்று நின்று வருகிறது என்று அழைத்தார்கள். போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் கிளம்பினேன். அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் நெட்வொர்க் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன்.

சென்ட்ரலில் காலை 10.10க்கு கும்மிடிப்பூண்டி வண்டி. டிக்கெட் ஐந்து ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். நிலையத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ பதினைந்து ரூபாய். மணலி டேங்கர் லாரிகள் வழியை மறித்ததில், நடந்து வந்தவர்கள் எங்களை முந்திவிட்டார்கள்.

கிடங்கு மேற்பார்வையாளர் மூர்த்தி வாசலிலேயே நின்றிருந்தார். "பில்லெல்லாம் ஓடிக்கினுதான் கீது சார். கலா வூட்டுக்காரரோட பேசறப்பதான் பேஜாரு."

கலா அங்கே கணக்கெழுதுபவர். அவருக்கும் கணவர் சேகருக்கும் காது கேட்காது. சேகருக்குத் திருப்பூரில் வேலை. தினமும் ஒரு மணிக்கு அலுவலகக் கணினியில்தான் சைகையில் பேசிக்கொள்வார்கள். போனைப் பிடித்தால் ஒரு கை போய்விடுமே.

கலாவுக்கு ஏழாவது மாதம். இந்த வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்கு சேகர் வருவதாக இருந்தது. அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனதைப் போன வெள்ளியன்று சொல்லியிருக்கிறார். படம் உறைந்துபோய், சேகருக்குக் கிடைத்தது 'வராதே' மட்டும். சனிக்கிழமையிலிருந்து அவர் அழைப்பை எடுக்கவில்லை. விளக்கி மெசேஜ் அனுப்பியதற்கு 'சரி' என்று ஒரு வார்த்தை.

"எழுத்துல கோவம் தீராது சார்," என்றார் மூர்த்தி. "அந்தப் பொண்ணு சரியா சாப்டறது கூட இல்ல."

முதலில் கேபிளை மாற்றினேன். பலனில்லை. இணைப்பைச் சோதிக்கும் பிங் போட்டேன், பதில் ஒழுங்காக வந்தது. அரைமணி நேரம் வீண். பிறகுதான் ஸ்விட்சின் அமைப்புக்குள் போய், கலா கணினியின் கேபிள் செருகியிருந்த ஏழாவது போர்ட்டைப் பார்த்தேன். பிழைக் கணக்கு கண்முன்னே ஏறிக்கொண்டிருந்தது. போர்ட்டின் வேகம் நூறு மெகாபிட், இருவழி என்று கையால் பூட்டப்பட்டிருந்தது. கணினியோ, எதிர்முனையோடு பேசி வேகத்தைத் தானே முடிவுசெய்யும் 'ஆட்டோ' அமைப்பில் இருந்தது. வேகம் பேசி முடிவு செய்ய ஸ்விட்ச் வராததால், ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பேசலாம் என்று கணினி தானாக எடுத்துக்கொண்டது. சின்ன வேலைக்கு அது தெரியாது. வீடியோ என்றால் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும்.

பூட்டியது நான். முன்பு அந்தப் போர்ட்டில் பழைய எடைமேடை இருந்ததாம். யாரையும் கேட்காமல் பழைய அமைப்பை அப்படியே நகல் எடுத்திருந்தேன்.

ஆட்டோவுக்கு மாற்றினேன். ஒரு கிகாபிட், இருவழி. பிழை ஏறுவது நின்றது. 'தப்பு என்னுடையது' என்று தாளில் எழுதிக் கலாவிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, கடிகாரத்தைக் காட்டினார். மணி 12.50.

ஒரு மணிக்கு அழைத்தார். மூன்றாவது முறை சேகர் எடுத்தார், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. கலாவின் கைகள் ஓடின. ஒரு விரல்கூட உறையவில்லை. சேகர் முகம் மெல்ல மாறியது. பாதியில் அவரை நிறுத்தி ஏதோ சொன்னார். கலா புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"ஸ்கேன் இல்லன்னாலும் இந்த வெள்ளியே வராராம்," என்றார், தினமும் பார்த்துச் சைகை பழகிவிட்ட மூர்த்தி.

கலா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியில் எனக்கும் கொஞ்சம் நெத்திலி வறுவல் வைத்தார். சாப்பிட்டதில் 1.40 வண்டியைத் தவறவிட்டேன்.

போகிறவர்களுக்கு: கேபிளைத் தொடும் முன் போர்ட்டின் பிழைக் கணக்கைப் பாருங்கள். இரு முனையும் ஆட்டோவில் இருக்கட்டும். பூட்டியே ஆகவேண்டுமென்றால் இரண்டையும் ஒரே மாதிரி பூட்டுங்கள். பிங் வந்துவிட்டது என்று பையைத் தூக்காதீர்கள். அந்தக் கணினியில் உட்காருபவர் தன் வேலையைச் செய்து பார்க்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.