நேசம்மாள் வாங்கி வச்ச கார்டு

நேசம்மாளைப் பத்திக் கேட்டா, அவ மேல எனக்குப் பொறாமைன்னுதான் முதல்ல சொல்லணும். மறைச்சு என்ன ஆகப்போவுது? என் பேரு பத்திரகாளி. கோவில்பட்டியில ஒரே தீப்பெட்டி ஆபீஸ்ல பதினாலு வருஷம் எதிரெதிர உக்காந்து சட்டத்துல குச்சி அடுக்கினோம். அவ ஒரு சட்டம் முடிச்சு நிமிரதுக்குள்ள நான் ரெண்டாவதுல பாதி தாண்டியிருப்பேன். வேலைக்காரின்னா பத்திரகாளின்னுதான் பேச்சு.

ரெண்டாயிரத்து மூணு சித்திரையில ஆபீசை மூடிட்டாவ. வேலையை விட்டு நின்னா ஆபீஸ் சாமான் ஒண்ணையும் நாங்க வீட்டுல வச்சுக்க மாட்டோம், களவாணிப் பேரு வந்திரும். அதனால டோக்கனோட இ.எஸ்.ஐ. வைத்தியக் கார்டையும் சேத்துக் கணக்குப்பிள்ளை மேசையில போட்டுக்கிட்டு இருந்தோம். நேசம்மாதான் வாசல்ல மறிச்சா. கார்டு நம்ம பேருல உள்ளது, மார்ச்சு வரைக்கும் சம்பளத்துல பிடிச்சிருக்கான், அதுக்கு டிசம்பர் வரைக்கும் குடும்பத்துக்கே வைத்தியம் உண்டுன்னு சொன்னா. அவ புருஷன் சீக்கா கெடந்தப்போ ஆஸ்பத்திரி கிளார்க்குகிட்ட துருவித் துருவிக் கேட்டு வச்சிருக்கா.

பொம்பளையாளுவ பூராவும் அவளைச் சுத்தி நின்னாளுவ. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. எட்டாங்கிளாஸ் படிச்ச திமிரைப் பாருன்னு, எல்லாரும் பாக்க என் கார்டை மேசையில வீசிட்டு வந்தேன்.

அப்புறம் அவளைக் கையில பிடிக்க முடியல. பசுவந்தனை, ஓட்டப்பிடாரம்னு எந்த ஊருல ஆபீஸ் மூடினாலும் மினி பஸ் ஏறிப் போயிருவா. கணக்குப்பிள்ளைமாருகிட்ட வாதாடி, கார்டுகளை வாங்கிக் கொடுத்துட்டு வருவா. வயசுல மூத்தவளுவளும் நேசக்கான்னு கூப்பிட்டாளுவ. எங்க வீட்டுக்காரர் கருத்தையா ஒரு நாள் சாப்பிடும்போது அவளைப் பெருமையாப் பேசினாவ. நான் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

புரட்டாசியில எங்க வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம் முத்திப்போச்சு. ஆடு மேய்க்கிறவியளால ஆட்டுக்குப் பின்னால நாலு எட்டு வைக்க முடியல. தனியார் டாக்டர் கேட்ட காசுக்குப் பதினெட்டு ஆட்டையும் விக்கணும். அதை வித்துட்டா எங்க பொழைப்பு எங்க இருக்கு? மூணு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நாலாம் நாள் நேசம்மா வீட்டு வாசல்ல போய் நின்னேன்.

என்ன ஏதுன்னு கேட்டவ, பைபிளுக்குள்ள இருந்து என் கார்டை எடுத்து நீட்டுனா. நான் வீசிட்டு வந்த அன்னைக்கே கணக்குப்பிள்ளைகிட்ட வாங்கி வச்சிருக்கா.

"கொண்டாந்து தந்தா நீ வாங்க மாட்டன்னு தெரியும்ட்டி."

அம்புட்டுத்தான் சொன்னா. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தா எனக்கு மனசு ஆறியிருக்கும். அவ அதையும் செய்யல, பாவி.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அவளே கூட வந்து சீட்டு போட்டா. ஒரு வாரத்துல ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் பக்கத்துக் கட்டிலுக்காரர் சம்சாரம், முத்துத்தாய்னு பேரு, ஆபீஸ் மூடினப்புறமும் எப்படி வைத்தியம் கெடச்சுதுன்னு என்கிட்ட கேட்டா.

"நானேதான் அலைஞ்சேன்," அப்படின்னுட்டேன்.

எங்க வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாவ. பிளாஸ்க்கோட நேசம்மா வாசல்ல நிக்கிதா, எல்லாத்தையும் கேட்டுருக்கா.

"ஆமா, இவதான் அலைஞ்சா," அப்படின்னா.

முத்துத்தாய் என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ வேலை பார்த்த ஆபீசும் ஆடியில மூடிட்டாவளாம், கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டாளாம். பழைய சீட்டைக் காட்டித்தான் புருஷனைச் சேத்திருக்காளாம்.

"இவியளுக்கு இன்னும் எத்தனை மாசம் பாப்பாவ? நான் எங்க போயிக் கேக்கணும்? சொல்லுங்கக்கா."

எனக்கு ஒண்ணும் தெரியல. அவ கையை விட மாட்டேங்குதா. நேசம்மாவைப் பாத்தேன். நானா அவகிட்ட கேக்கட்டும்னு பிளாஸ்க்கோட நின்னா.