கருமணிக்குக் கீழே ஒரு கோடு

கடைவீதியின் முனையில் மூக்குக் கண்ணாடி பொருத்தும் அந்த மனிதரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றே அழைத்தார்கள். அவருடைய தந்தை வைத்த பெயர் வேறு: தடவி. சிறுவனாக இருந்தபோது ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்குவார். கட்டட மேஸ்திரியான தந்தைக்கு அது தாளாத அவமானம்.

"சுவத்துல மயிரிழை கோணல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. எனக்குன்னு வந்து பொறந்தது பாரு, படியத் தடவுது!" என்று வேலையாட்கள் நடுவே சொல்லிச் சிரிப்பார். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத மகனை மந்தம் என்று தீர்த்துப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். மூத்த மகன் மட்டும் படித்தான்.

மந்தம் அறிவில் இல்லை. தொலைவிலிருந்து வரும் ஒளியை வளைத்து, உள்ளே விரித்த திரையில் குவிக்கும்படி இறைவன் கண்ணைப் படைத்திருக்கிறான். அந்தச் சிறுவனின் கண்ணிலோ ஒளி திரையை எட்டுமுன்பே குவிந்துவிட்டு, மறுபடி சிதறிப்போய் அதன்மேல் விழுந்தது. நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்த ஒரு லென்ஸை முன்னால் வைத்து, ஒளியைச் சற்றே விரித்து அனுப்பியிருந்தால் போதும். அவனுக்குக் கிடைத்ததோ பிரம்படி.

பின்னாளில் கண்ணாடிக் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தபோதுதான் அப்படியொரு லென்ஸை முதன்முதலாக அணிந்தார். மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதைக் கண்டு வியந்தபடி வீட்டுக்கு ஓடினார். தந்தையின் முகத்தை அன்றுதான் முழுத்தெளிவாகப் பார்த்தார். அதுவரை குரலில் மட்டுமே அறிந்திருந்த வெறுப்பு, உதட்டோரத்திலும் புருவத்திலும் கோடு கோடாக எழுதப்பட்டிருந்தது.

"கண்ணாடி மாட்டிட்டா அறிவு வந்துருமாடா?" என்றார் தந்தை.

மகன் அந்த வீட்டைவிட்டு வெளியேறினார். தொழிலைக் கற்றார், மணம் முடித்தார், சொந்தமாகக் கடை வைத்தார். 'நல்லா செஞ்சிருக்கே' என்று தந்தை வாயால் ஒரு சொல் கேட்க வேண்டும் என்ற ஆசை மட்டும் ஆறாத புண்ணாக உள்ளே இருந்தது. அவருடைய மனைவி அதை அறிவாள். "ஊரே புகழுது, உங்களுக்கு அந்த ஒருத்தர் வாய்தான் வேணும். பாறையில பால் கறக்கப் பாக்குறீங்க" என்பாள்.

அவர் பெயர் பெற்றது இரட்டைக் கண்ணாடி பொருத்துவதில். மேற்பாதி தொலைவுக்கு, கீழே பதித்திருக்கும் சிறு வட்டம் வாசிப்புக்கு. அந்த வட்டம் எங்கே தொடங்க வேண்டும் என்பதே தொழிலின் உயிர். நேராகப் பார்க்கும்போது அதன் மேல்விளிம்பு கருமணிக்குக் கீழே நிற்க வேண்டும். ஆனால் நிலைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்த எவரும் இயல்பாக இருப்பதில்லை. ஒருவர் விறைப்பார், ஒருவர் குனிவார். ஆகவே கண்ணாடிக்காரர் பேச்சுக் கொடுப்பார், கடைக்குள் நடக்கவிடுவார். தலை தன் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே பேனாவை எடுத்து, முகத்தில் மாட்டிவிட்ட மாதிரிக் கண்ணாடியின்மேல் வட்டம் தொடங்கும் இடத்தைக் கோடிடுவார். இந்தப் பொறுமையை அவர் எவரிடமும் குறைத்ததில்லை, ஒருவரிடம் தவிர.

ஒரு முற்பகலில் மேஸ்திரி கடைக்குள் வந்தார். வாழ்நாளெல்லாம் சுவர்களை அண்ணாந்து பார்த்த கழுத்து, முதுமையிலும் மோவாயை உயர்த்தியே வைத்திருந்தது.

"தடவிதானே?"

"ஆமாப்பா. உக்காருங்க."

"எழுத்தெல்லாம் எறும்பா ஓடுது. தூரத்துச் சுவரும் நெளியுது. உங்கண்ணன் வாங்கிக் குடுத்தது ஒண்ணுக்கும் உதவல." சற்று நிறுத்தினார். "நீ நல்லா செய்வியாம். சொல்றாங்க."

இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவில்லை. மேசைமேல் இருந்த நிலைக்கண்ணாடிக்குள்தான் அவர்கள் பார்வை சந்தித்தது. முன்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு தூரம் உள்ளேயும் தள்ளி நிற்கும் உருவம்; ஆகவே அருகருகே இருந்த தந்தையும் மகனும், கண்ணாடி இருந்த தூரத்தைப்போல் இருமடங்கு தள்ளி ஒருவருக்கொருவர் தெரிந்தார்கள்.

"ஊருல சொல்றாங்க. நீங்க சொல்லலியே" என்றார் மகன்.

எவருக்கும் தாழாத மேஸ்திரியின் தலை மெல்லத் தாழ்ந்தது. மோவாய் கழுத்தில் படிய, கண்களை மட்டும் உயர்த்திக் கண்ணாடியைப் பார்த்தார்.

'தலைய நிமித்துங்கப்பா' என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நடக்கச் சொல்லியிருக்க வேண்டும். மகன் சொல்லவில்லை. குனிந்த அந்தத் தலையின் முன் நிற்பது பசித்தவனுக்குச் சோறு போல இருந்தது. அப்படியே பேனாவை எடுத்துக் கோடிட்டார். மேல்நோக்கி உருண்டிருந்த கருமணிக்கு அது சரியான கோடு. நிமிர்ந்து நடக்கும் மேஸ்திரிக்கு அளவுக்கு மீறி உயர்ந்த கோடு.

கண்ணாடி தயாரானதும் மேஸ்திரி ஆளனுப்பி வாங்கிக்கொண்டார். மறுவாரமே அண்ணன் தொலைபேசியில் அலறினான்.

"அப்பா மாடிப்படியில உருண்டுட்டாருடா! இடுப்பு போச்சு!"

மருத்துவமனைக்கு ஓடும் வழியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. மோவாயை உயர்த்தி இறங்கியவரின் பார்வை வாசிப்பு வட்டத்தின் வழியே போயிருக்கிறது. கைக்கெட்டும் தொலைவுக்கென வளைத்த லென்ஸில் படி கலங்கித் தெரிந்திருக்கும். விளிம்பருகே ஒளி மடங்கி, இருக்கும் இடத்துக்கு மேலே அதைத் தூக்கியும் காட்டியிருக்கும். இல்லாத உயரத்தில் கால் வைத்தவர் விழாமல் என்ன செய்வார்?

கட்டிலில் கிடந்த மேஸ்திரி மகனைக் கண்டதும் அண்ணனை விலகச் சொன்னார்.

"உங்கண்ணன் என்னமோ உன் கண்ணாடியால விழுந்தேங்கிறான். மடப்பய. எழுத்து ஒவ்வொண்ணும் முத்து முத்தா தெரிஞ்சுதே! அந்தப் படி நான் கட்டினது. அதுலதான் ஏதோ ஏத்த இறக்கம் விட்டுட்டேன் போல. என் கைதான் தப்புப் பண்ணியிருக்கு." மூச்சு வாங்கினார். "நீ நல்லா செஞ்சிருக்கேடா."

வாழ்நாள் முழுதும் காத்திருந்த சொல் அது. அதை வாங்கிக்கொள்ள வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும். உண்மையைச் சொன்னால் தந்தைக்கு அவருடைய படிகள் திரும்பக் கிடைக்கும்; மகனுக்கு அந்தச் சொல் போய்விடும்.

"என்னடா முழிக்கிறே?" என்றார் மேஸ்திரி.

"ஒண்ணுமில்லப்பா. தூங்குங்க."

அண்ணன் பிறகு கொத்தனார் ஒருவரை அழைத்துவந்து படிகளை அளந்து பார்த்தான். ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்ட மேஸ்திரி, "அவனுக்கு அளக்கத் தெரியாது" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் தாம் கட்டிய எதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

அவர் மீண்டும் நடக்கவும் இல்லை. சன்னலோரம் நிமிர்ந்த முதுகுடைய நாற்காலியில் உட்கார்த்தி வைப்பார்கள். கழுத்தின் வலு குன்றி, மோவாய் நெஞ்சில் விழுந்து கிடக்கும். கண்ணாடியை மாற்றித் தரும் எண்ணத்தோடு, பேனாவைப் பையில் வைத்துக்கொண்டு மகன் ஒருநாள் சென்றார். காலடி கேட்டு மேஸ்திரி கண்களை மட்டும் உயர்த்தினார். மகன் குனிந்து பார்த்தார். வட்டத்தின் மேல்கோடு கருமணிக்குக் கீழே, இருக்க வேண்டிய இடத்தில் இம்மியும் பிசகாமல் இருந்தது.

"இப்பதாண்டா எல்லாமே தெளிவாத் தெரியுது" என்றார் மேஸ்திரி.

மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. பேனாவை வெளியே எடுக்காமலே மகன் படியிறங்கினார், ஒவ்வொரு படியையும் காலால் தடவியபடி.