சொன்னதை மட்டும்

மடக்கு நாற்காலித் தொழிற்சாலையின் கூட்ட அறையில், சுவருக்கும் மேசைக்கும் நடுவே அண்ணிக்கு ஓர் இடம் உண்டு. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் எழுந்து வழிவிட்டால்தான் வெளியே வரமுடியும். ஏழு ஆண்டுகள் அங்கேதான் உட்கார்ந்தார். எதிர்முனையில் நான் கூட்டக் குறிப்பு எழுதுவேன்.

முதலாளிக்கு அவர் அண்ணன் மனைவி. அதனால் எங்கள் எல்லோருக்கும் அண்ணி. கணவரோடு பதினொரு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தவர். கணவர் இறந்ததும் கொழுந்தன் வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். அந்த நாட்டிலிருந்து நாற்காலி வாங்க வருபவர்களின் பேச்சை மொழிபெயர்ப்பது அவர் வேலையானது. வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில்.

அந்த முறை மூன்று பேர் வந்தார்கள். நாலாயிரம் நாற்காலிக்கான பேச்சு. முதல் நாள் 10.40க்கு, அவர்களில் மூத்தவர் மாதிரி நாற்காலியை விரித்து மடக்கிப் பார்த்துக் கேட்டார்: கனமான ஆள் இதில் உட்காரலாமா?

முதலாளி சிரித்தார். "யானையே உட்காரலாம்னு சொல்லுங்க அண்ணி."

அண்ணி சொன்னார். மூத்தவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். 3.15க்கு மறுபடி அதே கேள்வி, அதே யானை.

தேநீர் இடைவேளையில் அண்ணி குரலைத் தணித்தார். "தம்பி, அவங்க நேருக்கு நேரா குறை சொல்லமாட்டாங்க. கேட்டதையே திரும்பக் கேப்பாங்க. கீல் பிடிக்கலை போல. மூணு பேர்ல ஒருத்தர்கூட அதுல உட்காரலை, பாத்தீங்களா?"

"குறைன்னு அவர் வாயால சொன்னாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? சொன்னதை மட்டும் சொல்லுங்க. கூடி வர்ற காரியத்துல வாய் வைக்காதீங்க."

ஆர்டர் கைநழுவினால் பழி அண்ணி தலையில். ஆர்டர் கிடைத்து, நாலாயிரமும் உடைந்து திரும்பி வந்தாலும் அவர் தலையில்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கோபித்துக்கொண்டு போக அந்த மாடி அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் 11.05. மூன்றாம் தடவையாக அதே கேள்வி.

"சொல்லுங்க அண்ணி, யானை."

அண்ணி யானையை மொழிபெயர்க்கவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க" என்றார். பக்கத்தில் இருந்த விற்பனை மேலாளர் எழுந்தார். அண்ணி வெளியே வந்து, மாதிரி நாற்காலியை விரித்து முதலாளி முன்னால் வைத்தார்.

"யானை வேண்டாம். நீங்க உட்காருங்க தம்பி."

முதலாளியின் எடை தொண்ணூற்று நாலு கிலோ. சரக்கு எடைமேடையில் நானே பார்த்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்தார். கீலைப் பார்த்தார். உட்காரவில்லை.

மூத்தவர் நோட்டை மூடிவிட்டு ஏதோ சொன்னார்.

"தேநீர் நல்லாயிருக்காம். அடுத்த வருஷமும் வந்து குடிக்கணும்கிறார்" என்றார் அண்ணி.

"அப்படின்னா?"

"சொன்னதைச் சொல்லிட்டேன் தம்பி."

ஆர்டர் தராமலே மூவரும் கிளம்பினார்கள். பதினாறு நாள் வீட்டில் முதலாளி அவரோடு பேசவில்லை. பதினேழாம் நாள் கீல் மாற்றச் சொன்னார்.

அடுத்த ஆண்டு அதே மூவர் வந்தார்கள். மூத்தவர் கேள்வி ஏதும் கேட்கவில்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளி அவர் முகத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஆர்டர் முடிவாகி எல்லோரும் கைகுலுக்க எழுந்தபோது சுவரோரத்தில் அண்ணியும் எழுந்தார். விற்பனை மேலாளர் வழியை மறித்தபடி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி மறுபடி உட்கார்ந்துகொண்டார்.