தேரைக்குத் தண்ணீர்

எங்கள் வீட்டில் அப்பாதான் மொழிபெயர்ப்பாளர். புனே பக்கத்துத் தேஹு ரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் அம்மாவுக்கு இந்தியில் காய்கறி வாங்க மட்டும்தான் வரும். மற்றபடி ஸ்கூல் நோட்டீஸ், டிவி செய்தி, பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களின் சண்டை, எல்லாம் அப்பாவின் வாய் வழியாகத்தான் அம்மாவிடம் வந்து சேரும். அப்பாவோ பேச்சில் மகா கஞ்சர். அரைமணி நேரச் சங்கதியை நாலு வார்த்தையில் முடித்துவிட்டுச் சோற்றில் கை வைத்துவிடுவார். அந்த நாலு வார்த்தையில் ஒன்று இடறியதால் வந்த வினை இது.

நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். அதற்காகப் புனே சிட்டியிலிருந்து ஒரு சார் வந்தார். ஒல்லியாக, சட்டைப் பையில் நாலு பேனாவோடு இருந்தார். கோதாவரிக் கரைப் பாறைகளில் எலும்பு தோண்டுவது அவர் வேலையாம். எலும்பு தோண்டுவதற்கு ஒரு வேலை இருக்கிறது என்பதே எங்களுக்குப் புதுசு. உங்கள் ஊர்க் கல்லெல்லாம் எரிமலை கக்கிய கல், இதில் இந்த மாதிரி எலும்பு ஒன்றும் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லி எங்கள் ஆசையில் மண்ணைப் போட்டார். பிறகு, உலகத்தில் முதல் முதலாக வந்த டைனோசர்கள் நாய் உயரம்தான் இருந்தன என்றார். பையன்கள் முகம் தொங்கிவிட்டது. கிளி மூக்கு வைத்த பன்றி மாதிரி ஒரு பிராணி இருந்ததாம், முதலை மாதிரி ஒன்று இருந்ததாம். கடைசியில் துணியை விலக்கி ஒரு கல்லைக் காட்டினார்.

பெரிய தாம்பாளம் அளவுக்குப் பழுப்பாக ஒரு பலகைக் கல். அதில் தோசைக்கல் போலத் தட்டையாக ஒரு தலை, தலையின் முன்னோரத்தில் நெருக்கமாக இரண்டு கண் குழி, பக்கத்தில் நாலு விரலோடு ஒரு முன்னங்கால். இது தவளைக்குத் தூரத்துச் சொந்தம், அந்தக் குட்டி டைனோசர்கள் கரையில் ஓடியாடியபோது இது ஆற்றுக்குள் கிடந்தது, இருபது கோடி வருஷத்துக்கும் மேலே ஆகிறது என்றார். கண்காட்சி முடியும்வரை கல்லைப் பள்ளியில் விட்டுப்போவதாகவும் சொன்னார்.

அதை வைக்கக் கண்ணாடி மூடி போட்ட பெட்டி வேண்டும். யார் செய்வது என்று டீச்சர் கேட்டதும் நான் கையைத் தூக்கினேன். அப்பா ராணுவ டிப்போவில் கார்பென்டர். தளவாடம் போகிற மரப்பெட்டிகளை அடிக்கிற வேலை. டீச்சர் அப்பாவை வரச் சொன்னார். அதுவரை நான் மார்க் குறைவாக வாங்கினால் மட்டும்தான் பள்ளியிலிருந்து அப்பாவுக்கு ஆள் வரும். இப்போது அவர் கையை நம்பி ஒரு வேலை கொடுக்கிறார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நின்று, சனிக்கிழமை கொண்டுபோய் அளவெடுத்து திங்கட்கிழமை காலையில் பெட்டியோடு கொண்டுவருவேன், இது என் பொறுப்பு என்றார். உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கிறது, பார்த்து என்று டீச்சர் மூன்று முறை சொன்னார்.

அப்பா கல்லைப் போர்வையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் போலீஸ் மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

"என்னாங்க அது?" என்று அம்மா கேட்டாள்.

"கல்லுக்குள்ள ஒரு தவளை" என்றார் அப்பா.

"கல்லுக்குள்ள எப்டிங்க தவளை இருக்கும்? தேரையா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

முடிந்தது கதை. அம்மாவின் ஊர் வேலூர்ப் பக்கம், எங்கே திரும்பினாலும் பாறை. கல்லை உடைத்தால் உள்ளே உயிரோடு தேரை இருக்கும், காற்று நுழைய வழியில்லாத இடத்திலும் சாமி அதற்கு வேளாவேளைக்குச் சோறு போடும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். இங்கே வந்து அக்கம்பக்கத்தில் சைகையோடு சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது பள்ளிக்கூடமே அதைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டது. இருபது கோடி வருஷமாகவா உள்ளே இருக்கிறது என்று கேட்டாள். ஆமாம் என்றார் அப்பா. அம்மா கல்லின் ஓரத்தில் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தாள். அப்பா பதறிப்போய்த் துடைத்தார்.

எனக்கு ஒரு சந்தேகம். சோறு சாமி போடும், தண்ணீர்? அம்மாவிடம் கேட்டேன். கல் உள்ளாற எப்பவும் ஈரமா இருக்கும், அது போதும் அதுக்கு என்றாள். போய்த் தொட்டுப் பார்த்தேன். ஈரமாவது ஒன்றாவது. அது பிப்ரவரி மாசம், எங்களுக்கே உதடு வெடித்துக் கிடந்தது. பாதிக் கல்லை உடைத்து எறிந்துவிட்டு, மூடி இல்லாத பாத்திரம் மாதிரி அதை ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்களே, ஒருத்தருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்று நான் சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கண்ணாடி வெட்டி வாங்கிவர பக்கத்து நிக்டி கடைத்தெருவுக்குப் போனார். அம்மா பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் பிடித்து, கல்லை மெதுவாக இறக்கினேன். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு மூக்கு இருந்த இடத்திலிருந்து ஒரு குமிழி வந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு வாய், கண், கால் என்று எல்லா இடத்திலிருந்தும் பொடிப்பொடியாகக் கிளம்பி வர ஆரம்பித்தது.

"அம்மா, மூச்சு விடுதும்மா."

அம்மா சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாவம், எவ்ளோ தாகம் பாரு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னாலும் வந்ததில்லை, அப்புறம் என் கல்யாணத்தில்கூட வந்ததில்லை என்று நினைக்கிறேன். சிரித்த யாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

எட்டு பேர் எண்ணி முடிப்பதற்குள் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. சட்டை உரிக்கிறது என்று நான் சொன்னேன். உரிக்கட்டும் என்று அம்மா சொன்னாள். சுலபமாக உரியட்டும் என்று நான் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்துவிட்டேன். சுண்டுவிரல் கழன்று கையோடு வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது.

அப்பா கண்ணாடியோடு வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் டப்பைச் சுற்றி அழுதுகொண்டிருந்தோம். இருபது கோடி வருஷம் சாமி காப்பாற்றியதை கால்மணி நேரத்தில் கொன்றுவிட்டோமே என்று அம்மா ஒப்பாரி மாதிரியே சொன்னாள். அப்பா கல்லைத் தூக்கி வெளியே வைத்து, வெள்ளையை நகத்தால் சுரண்டினார், முகர்ந்து பார்த்தார். வருஷா வருஷம் காலனி கணபதிக்கு மண்டபம் கட்டுகிறவர் அவர்.

"இது கல்லே இல்ல. பி.ஓ.பி. நம்ம கணபதி செய்யற மாவு."

"அப்ப மூச்சு?" என்றாள் அம்மா.

"மாவுக்குள்ள இருந்த காத்து."

செத்தது தேரை இல்லை என்று எனக்கு உயிர் வந்தது. அப்பாவுக்குத்தான் அப்போது உயிர் போனது. டிப்போவில் வாங்கின சரக்கு ஒன்று, திருப்பித் தந்த சரக்கு ஒன்று என்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அசல் கல்லை வீட்டில் வைத்துக்கொண்டு மாவில் ஒன்று செய்து கொண்டுவந்துவிட்டான் என்றுதானே சொல்வார்கள்? உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்று டீச்சர் வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளையை மறைக்க அம்மா டீ டிகாஷன் போட்டு ஓரத்தில் பூசிப் பார்த்தாள். நனைந்த பிஸ்கட் மாதிரி ஆனதுதான் மிச்சம். அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றார். பிறகு மத்தியானம் முழுக்க வெறிபிடித்தவர் மாதிரி இழைத்து, அந்தப் பெட்டியைச் செய்து முடித்தார். அதைப் போல ஒரு நல்ல பெட்டியை அவர் அப்புறம் செய்யவே இல்லை.

திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனார். நான் அவர் விரலைப் பிடித்திருந்தேன். டீச்சரும் அந்த சாரும் அங்கேயே இருந்தார்கள். அப்பா பெட்டியைத் திறந்து காட்டி, வழக்கம் போல நாலே வார்த்தையில், பெண் தண்ணீரில் போட்டுவிட்டாள் என்று இந்தியில் சொன்னார். அசல் எங்கே என்று டீச்சர் கேட்பதற்குள் சார் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அசல் தூரத்தில் ஒரு மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது, இது பள்ளிக்கூடங்களுக்குக் காட்ட நானே அச்சு எடுத்து வண்ணம் பூசியது, அசலை யாராவது பள்ளிக்கூடத்தில் விட்டுப்போவார்களா என்றார். ஊரெல்லாம் அசல் அசல் என்று சொல்லி வைத்திருந்த டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா அப்போதுதான் மூச்சு விட்டார். எனக்குக் கேட்டது.

சார் குனிந்து, ஏன் தண்ணீரில் போட்டாய் என்று என்னைக் கேட்டார்.

"அதற்குத் தாகமாக இருந்தது" என்றேன்.

டீச்சரும் ஹெட்மிஸ்ட்ரஸும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. அவர் என் உயரத்துக்கு உட்கார்ந்தார். அது கிடைத்த இடத்தில் அது மட்டும் இல்லை, அதே மாதிரி பல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன என்றார். ஆற்றில் தண்ணீர் வற்றி ஒரு குட்டையாகி, குட்டை சேறாகி, கடைசி ஈரத்துக்கு எல்லாம் அங்கே வந்து குவிந்திருக்க வேண்டும்.

"தண்ணீர் இல்லாமல்தான் செத்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். நீ சொன்னது சரி பேட்டா. அதற்குத் தாகம்தான்."

கண்காட்சியில் அது அப்பாவின் பெட்டிக்குள் பாதி வெள்ளையாக, சுண்டுவிரல் இல்லாமல் ராஜா மாதிரி இருந்தது. அதைப் பார்க்கத்தான் கூட்டம். அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம், "தண்ணியில்லாமதான் செத்துச்சாம்" என்று மொழிபெயர்த்தார். அம்மா என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊரில் எத்தனை பேர் பார்த்தார்கள், என் பெண்ணுக்குத்தானே தெரிந்தது என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்கு ஆறவே இல்லை. கோடி என்றால் ஒன்று போட்டு ஏழு சைபர் என்று படித்திருந்தேன். சைபர் என்றால் ஒன்றுமில்லை என்றும் படித்திருந்தேன். அப்படியென்றால் இருபது கோடி வருஷமும் பெரிய தாமதமில்லை. வந்தது வெறும் மாவு என்று தெரிந்தும், அம்மா மடியில் படுத்துக்கொண்டு நான் திரும்பத் திரும்ப நினைத்தது ஒன்றைத்தான். கல் வீட்டுக்கு வந்தது சனிக்கிழமை. அன்றைக்கே தண்ணீரில் போட்டிருந்தால் பிழைத்திருக்கும், நான்தான் ஒரு நாள் தாமதம் பண்ணிவிட்டேன்.