வெட்டாத கிணற்றுக்கு நான் எழுதிய செலவு

ஐம்பதுகளின் கடைசியில், திருவாடானைக்குக் கிழக்கே ஒரு கடலோரக் கிராமத்தில் நடந்தது இது. அப்போது அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தேன். கூடவே ஒரு சபைக்குச் செயலாளர்.

சபையைத் தொடங்கியவரை எல்லோரும் அய்யா என்போம். சிலை வேண்டாம், பூசாரி வேண்டாம், எல்லாச் சாதியும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று சொல்லி, ஊரில் கல்லடி பட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் பேசினால் அழுகிற குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும். அவர்மேல் எனக்கு அப்படியொரு பிரியம்.

பௌர்ணமிதோறும் கூடுவோம். காணிக்கையை மூடிய கையோடு பானைக்குள் விட வேண்டும்; யார் எவ்வளவு போட்டார் என்று தெரியக் கூடாது. ஏழைகள் கூசக் கூடாதென்று அய்யா வைத்த வழக்கம். எண்ணுவதும் எழுதுவதும் நான் ஒருவன்தான்.

கருவாடு விற்கும் பெண்களின் தெருவில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்ட வேண்டும் என்று இரண்டு வருடக் காணிக்கையைச் சேர்த்தோம். அவர்கள் குடத்தோடு இரண்டு மைல் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சமயம் அய்யாவுக்கு முழங்கால் வலி. மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போக முடியவில்லை. பழைய கார் ஒன்று விலைக்கு வந்தது.

"வாங்கிருவோம். கெணத்த அடுத்த வருசம் பாத்துக்கிருவோம்" என்றார். வாங்கினோம். யாரோ அன்பர் கொடுத்ததாக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அடுத்த பௌர்ணமிக்குக் கணக்கு வாசிக்க வேண்டும். அய்யாவுக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதென்று, யாரையும் கேட்காமல், நானாக ஒரு வரி எழுதினேன்: கிணற்றுக்கு உறை இறக்கும்போது மணல் சரிந்துவிட்டது, செலவு இவ்வளவு.

வாசித்து முடித்தேன். பந்தியில் இலை முன்னால் இருந்த கருவாட்டுக்கார அக்கா ஒருவர் நிமிர்ந்தார்.

"வாத்தியாரே, அந்த எடம் என் வீட்டுக் கொல்லையில இருக்கு. மணல் சரிஞ்சா என் கோழியாச்சும் வந்து சொல்லிருக்காதா?"

பந்தி சிரித்தது. எனக்கு ஆத்திரம். "குடுத்த கை கணக்குக் கேக்கக் கூடாது. அதான் சபை வழக்கம். எந்திரிச்சுப் போங்க" என்றேன்.

"போறேன். தண்ணிக்கு நடக்குற காலுதான" என்று இலையை மடித்தார்.

அய்யா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "உக்காரு ஆத்தா. கெணத்துக் காசுலதான் நான் காரு வாங்குனேன். வாத்தியாரை அப்படி எழுதச் சொன்னதும் நான்தான்."

முதலில் சொன்னது உண்மை. இரண்டாவது பொய். அந்த வரியை அவரே அன்றுதான் காதால் கேட்டார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன்.

பாதிப் பேர் அன்றே சபையை விட்டுப் போனார்கள். காரை விற்றுக் கிணறு வெட்டினோம். அதன்பின் அந்த அக்காவும் இன்னும் மூன்று பேரும் எல்லோர் முன்னாலும் பானையை எண்ணினார்கள். முதல் குடம் தண்ணீரை அக்கா அய்யாவிடம் நீட்டி, "காரைவிட இனிக்குதா அய்யா?" என்றார். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என்னிடம் மட்டும் அந்தப் பொய் வரியைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்றும் அந்தப் பக்கத்தில், "நல்ல மனுசன், ஆனா பொய்க் கணக்கு எழுத வச்சவரு" என்றுதான் அவரைச் சொல்கிறார்கள். தன் தவறோடு என் தவறையும் சேர்த்து ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது; என்னுடையதை மட்டும் சொல்ல எனக்கு இந்த முதுமைவரை ஆகியிருக்கிறது, அதுவும் பெயர் போடாமல்.